மடிப் பலகையில் பன்னிரண்டு கோடுகள்

கதவை நெடுக்காக அறுக்க ரம்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான், தன் அண்ணனுடைய மடி எவ்வளவு அகலம் என்று தனக்குத் தெரியாது என்பது லெவெரட் மிம்ஸுக்கு உறைத்தது. கூடப் பிறந்தவர். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலேயே இருப்பவர். எட்டிக் கேட்டுவிடலாம்தான். ஆனால் அண்ணன் ஈஸெல் அவனோடு பேச்சை நிறுத்தி வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு சரியாக ஒரு வருஷம்.

வேலிக்கு மேலாகப் பார்த்தான். அண்ணனின் கொடியில் சாம்பல் நிறக் கால்சட்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லெவெரட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஐம்பது வயசுக்கும் தன் தொப்பைக்கும் பொருந்தாத விதத்தில் வேலியைத் தாண்டிப் போய், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே நாடாவை வைத்தான்.

"ஏ மனுஷா!" அவன் மனைவி கொரீன் தங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணன் கால்சட்டையை எதுக்கு அளக்குறே? சவப்பெட்டி எதுவும் செய்யப்போறியா?"

"மெதுவா பேசு பொம்பளே. மடியை அளக்குறேன்."

"உள்ளே ஆளே இல்லை. மடி எங்கேருந்து வரும்?"

அதுவும் நியாயம்தான். உட்கார்ந்தால் வருவது, எழுந்தால் போவது மடி. லெவெரட் நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்து, தன் மடியையே அளந்து, அதில் தொப்பைக்கு இரண்டு அங்குலம் கழித்துக்கொண்டான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மிம்ஸ் வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறையாவது பார்த்தவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூத்தவர் ஒட்டடைக்கம்பு. பேச்சும் அவ்வளவே ஒல்லி. சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருஷமாக இயந்திரங்களோடு வேலை செய்கிறவர். இளையவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். கடற்கரையோரத்துப் பணக்காரர்களின் குளியலறைகளில் முட்டிபோட்டே பாதி ஆயுளைக் கழித்தவன். சபையில் பாதிப் பேர் ஜெபத்தில் முட்டிபோடுவதை எல்லாம் கூட்டினாலும் தன் முட்டிக்கு ஈடாகாது என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் வாய்க்கு ஓய்வே கிடையாது. வந்த வினையும் அதனால்தான்.

ஏரிக்கரை சீனாய் சபையில் பிரசங்க மேடைக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி உண்டு. அது ஸ்டீல் கிட்டார் வாசிப்பவருக்கு. மற்ற சபைகளில் ஆர்கன் செய்கிற வேலையை இங்கே மடியில் படுத்துக்கிடக்கும் அந்த கிட்டார்தான் செய்யும். விரலால் கம்பியை அழுத்துவதில்லை. இடது கையில் ஒரு எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வழுக்கலில் மனுஷக் குரல் வரும். மூப்பர் டில்மன் பிரசங்கத்தில் "ஆண்டவரே" என்று இழுத்தால் ஸ்டீலும் "ஆண்டவரே" என்று இழுக்கும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அது மூச்சு விடும். முப்பது வருஷமாக அந்த நாற்காலி ஈஸெலுடையது. நேரில் வாய் திறக்காத மனிதர் அதில் உட்கார்ந்தால் மட்டும் ஊரே கேட்கும்படி அழுவார், கெஞ்சுவார், குதிப்பார்.

அந்தச் சபைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கர்த்தருக்கு வாசிக்கிற கை மதுக்கடையில் வாசிக்கக் கூடாது. மீறினால் ஆளை விரட்ட மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். உட்கார வைப்பார்கள். அதாவது, நீ வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். வாத்தியத்தை மட்டும் தொடக் கூடாது.

போன வருஷம் ஜனவரி மாதத்து சாட்சி ஆராதனையில் லெவெரட் எழுந்து நின்றான். தன் லாரி மறுபடி ஓடுவதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான். அதோடு உட்கார்ந்திருக்கலாம். முன்வரிசையில் இரண்டு சகோதரிகள் சிரித்துவிட்டார்கள். யாராவது சிரித்துவிட்டால் அவனுக்குக் கால் மடங்காது. "எங்க அண்ணனுக்காகவும் ஜெபிச்சுக்குங்க" என்றான். "சனிக்கிழமை குடிகாரங்களை ஆடவைக்கிறாரு, ஞாயித்துக்கிழமை பரிசுத்தவான்களை ஆடவைக்கிறாரு. ரெண்டு ஷிஃப்ட்டு. பாவம், இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

சபையே குலுங்கிச் சிரித்தது. மூப்பர் டில்மன் சிரிக்கவில்லை.

ஈஸெல் மதுக்கடையில் வாசித்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஆலையில் கூட வேலை பார்த்தவனின் கல்யாணத்துக்காக. அது லெவெரட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டவர்களிடம் ஈஸெல் எந்த விளக்கமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் என்றார் மூப்பர். சரி என்றார் ஈஸெல். மறுநாளே தன் கிட்டாரை ஜார்ஜியாவில் உள்ள ஒரு சபைக்குக் காணிக்கையாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தம்பியிடம் பேசுவதற்கு அவருக்கு கொரீன்தான் தபால். "கொரீன், உன் வீட்டுக்காரன் லாரி என் வாசலை மறிக்குதுன்னு சொல்லு." சொல்லும்போது அந்த வீட்டுக்காரன் இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பான்.

இப்போது அந்த வருஷம் முடிகிறது. போன ஞாயிறு மூப்பர் மேடையில் நின்று, "அடுத்த வாரம் சகோதரன் ஈஸெல் தன் நாற்காலிக்குத் திரும்பி வர்றார்" என்று அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். வெறும் நாற்காலிக்கு வந்து என்ன செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை. லெவெரட் யோசித்தான்.

"கிட்டார் ஒண்ணு வாங்கிக் குடுத்துடேன்" என்றாள் கொரீன்.

"வாங்கிக் குடுத்தா, தப்பை ரசீதோட திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவர் தொடமாட்டார். நான் செய்யுறேன்."

"நீயா? போன வருஷம் கோழிக்கூடு செஞ்சே. கோழி உள்ளே போகலை."

"கோழிக்கு ரசனை பத்தலை."

வேலைக்கு ஒரு வாரம் லீவு சொன்னான். மரம் கையிலேயே இருந்தது. போன மாதம் ஒரு மாளிகையில் குளியலறையை இடித்தபோது தூக்கிப்போட்ட மஹாகனிக் கதவு. எரிக்க மனசில்லாமல் லாரியில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதன் ஓரச்சட்டத்திலிருந்து கை நீளத்துக்கு ஒரு பலகையை அறுத்தான். கொரீனின் தம்பி எப்போதோ கழுத்து ஒடிந்துபோன நிலையில் விட்டுப்போன மின்கிட்டார் ஒன்று பரணில் கிடந்தது. அதிலிருந்து ஆறு முறுக்குச் சாவிகளைக் கழற்றினான். கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தச் சுருளையும் பெயர்த்தெடுத்தான். பலகையில் உளியால் குழி தோண்டி அதை உட்கார வைத்தான். கம்பிகள் தலைப்பக்கம் ஏறி உட்கார ஒரு துண்டு கோண இரும்பு. வால்பக்கம் ஒரு தடித்த போல்ட். இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டரை அங்குலம்.

இதுவரை சரி. இதற்கு மேல் வேண்டியது கோடுகள் மட்டும். உருளை வழுக்கும் கிட்டாருக்கு, கழுத்தில் குறுக்கே பதிக்கிற நிஜமான கட்டைகள் தேவையில்லை. கண் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கோடு போட்டால் போதும். வேறு யாராக இருந்தாலும் தூரிகையால் இழுத்துவிட்டிருப்பார்கள். லெவெரட் தொழில்காரன். பாதி நீளத்தில் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பாதியை அளந்து பன்னிரண்டாகப் பிரித்தான். மயிரிழை பிசகாமல், எல்லாம் ஒரே இடைவெளி. அந்தந்த இடத்தில் மரத்தைக் கீறி, வெள்ளை டைல்ஸை ஈர்க்கு மாதிரி சீவி இறக்கி, ஒட்டுச் சிமெண்ட் வைத்து இறுக்கி, மழமழவென்று தேய்த்தான். வெயிலில் நீட்டிப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது. முப்பது வருஷமாகப் பிறர் வீட்டுச் சுவரில் போட்டதில் ஒன்றுகூட இவ்வளவு நேராக இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை கம்பி கட்டினான். தூசி தட்டித் தருகிறேன் என்று மூப்பரிடம் சொல்லி, சபையின் ஒலிபெருக்கிப் பெட்டியை முந்தின நாளே தூக்கி வந்திருந்தான். வயரைச் சொருகினான். பலகையை மடியில் கிடத்தி, உருளைக்குப் பதிலாக ஸ்பானர் செட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கம்பிமேல் லேசாக வைத்து, கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினான்.

அந்தச் சத்தம் வந்தது.

லெவெரட் குழாயை அப்படியே மேலே நகர்த்தினான். சத்தம் உடையாமல் ஏறியது. தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற ஆளைப்போல, முதலில் சோம்பலாக, பிறகு எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு. குழாயை லேசாக ஆட்டினான். சத்தமும் கூடவே நடுங்கியது. யாரோ ஒரு சீமாட்டி குளிக்கும்போது சாத்திக்கொண்ட கதவு. அதற்குள் இப்படி ஒன்று இத்தனை வருஷமாகப் படுத்திருந்ததா? அவன் செய்ததெல்லாம் ஆறு சாவி, ஒரு போல்ட். இதை அவன் செய்யவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பலகையின் அடியில் குனிந்துகூடப் பார்த்தான்.

கொரீன் ஈரக் கையோடு கார் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள் கடைசியில்.

இன்னொரு தடவை தட்டினான். உற்சாகத்தில், சின்ன வயசிலிருந்து பாடுகிற ஒரு துதிப்பாட்டை எடுத்தான். ஐந்தாவது கோட்டில் குழாயை வைத்தான். பூனையின் வாலை மிதித்த மாதிரி இருந்தது. ஏழாவதில் வைத்தான். இன்னொரு பூனை. சாவியை முறுக்கினான், தளர்த்தினான். வெறும் கம்பி சரியாக இருந்தது. பன்னிரண்டாவது கோடும் சரியாக இருந்தது. நடுவில் இருந்த பதினொன்றிலும் கோணல்.

அப்போதுதான் குப்பைக்கூடையில் கிடந்த ஒடிந்த கிட்டார் கழுத்து அவன் கண்ணில் பட்டது. அதன் கட்டைகள் தலைப்பக்கம் அகலமாகத் தொடங்கி, போகப்போக நெருங்கி நெருங்கிக் கிடந்தன. எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல இல்லை. சாவிகளைத் தன் கையாலேயே அதிலிருந்துதான் கழற்றினான். ஒரு வாரமாகக் காலுக்கடியில் கிடந்தது. ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். டைல்ஸ்காரனுக்கு உலகத்தில் எல்லாமே சம இடைவெளி.

அந்தக் கழுத்தைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். ஐந்தாவது கோடு கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிப் போயிருந்தது.

உளியை எடுத்து ஒரு துண்டு டைல்ஸை நெம்பிப் பார்த்தான். மரம் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பியது. தான் ஒட்டினால் பெயர்க்க முடியாது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவன்தான். உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"கோடுதானே? மேலே பெயிண்ட் அடிச்சுடு" என்றாள் கொரீன்.

"அடிச்சாலும் மேடு தெரியும். ஒரு வருஷம் கை வைக்காத ஆளு. சபையே பாத்துக்கிட்டிருக்கும்போது கோட்டை நம்பி வைப்பாரு. முதல் சுரமே பல்லை இளிக்கும். எல்லாரும் என்ன நினைப்பாங்க தெரியுமா?" அவன் குரல் இறங்கியது. "நான் வேணும்னே செஞ்சேன்னு நினைப்பாங்க. மறுபடி ஒரு வேடிக்கைன்னு. அவரும் அப்படித்தான் நினைப்பாரு. நான் வேற என்னத்தைச் செஞ்சிருக்கேன் இதுவரைக்கும்?"

கொரீன் அவன் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லு அவர்கிட்டே."

"நீ சொல்லேன்."

"மாட்டேன். ஒரு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேலியா நின்னாச்சு. வேலிக்கும் கால் வலிக்கும்."

அன்றைக்கு மூன்று தடவை அண்ணன் வீட்டு வாசல்வரை போனான். மூன்று தடவையும், போவதற்குள் வாயில் ஒரு ஜோக் தயாராகிவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் போய் நாற்காலிமேல் பலகையை வைத்து, கொரீனின் மேஜைத் துணியால் மூடினான். ஒலிபெருக்கிப் பெட்டியை அதன் இடத்தில் வைத்தான். பிறகு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, ஜெபம் என்று பேர் வைத்து, தரையின் டைல்ஸை எண்ணினான். அதுவும் அவன் ஒட்டியதுதான்.

ஆராதனை தொடங்கியது. வெர்டெல் சகோதரி பியானோவில் ஒரு வருஷமாக வாசித்த அதே வாசிப்பை வாசித்தாள். குற்றம் சொல்ல முடியாத வாசிப்பு. மாவு பிசைகிற மாதிரி சீராக இருக்கும். மூப்பர் எழுந்தார். கடைசி வரிசையைப் பார்த்தார்.

"சகோதரன் ஈஸெல். வாங்க."

ஈஸெல் எழுந்தார். நாற்காலியிடம் வந்தவர் துணியை நீக்கிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. டைல்ஸ் இருந்ததே. உட்கார்ந்து, பலகையை மடியில் கிடத்தினார். அது சரியாகப் பொருந்தியது. பிறகு ஒரு விரலை முதல் கோட்டில் வைத்து, இரண்டு, மூன்று என்று தடவிக்கொண்டே போனார். ஐந்தாவதில் விரல் நின்றுவிட்டது.

லெவெரட்டுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. வயர் சொருகுகிற சாக்கில் மேடைக்குப் போய் அவர் காலடியில் முட்டிபோட்டான். ஜோக்குகள் எல்லாம் அவனை விட்டு ஓடியிருந்தன.

"அண்ணே" என்றான், உதடு அசையாமல். "கோடு தப்பு. எல்லாமே தப்பு. வேணும்னு செய்யலை, சத்தியமா. கோட்டைப் பாக்காதே. அன்னிக்குப் பேசினதும்... அதுவும்தான், அண்ணே."

ஈஸெல் அவனைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு, நடுவில் யாரும் இல்லாமல். பிறகு பலகையைப் பார்த்தார்.

"டைல்ஸ் சரி. தண்ணி போக வடிகால் எங்கேடா?" என்றார்.

லெவெரட்டுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. ஐம்பது வருஷத்தில் அண்ணன் ஒரு ஜோக் அடித்து அவன் கேட்டதில்லை. இது ஜோக்தானா, கோபம் இப்படித்தான் வருமா என்று அந்த முகத்தில் தேடினான். முகம் ஒட்டடைக்கம்பு மாதிரி அப்படியே இருந்தது. வயரைச் சொருகிவிட்டு, மேடையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஈஸெல் கோட்டுப் பையிலிருந்து எஃகு உருளையை எடுத்தார். கிட்டாரை அனுப்பியவர் அதை மட்டும் அனுப்பவில்லை. காதைச் சாய்த்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தி, மூப்பரின் வாயைப் பார்த்தார். அதற்குப் பிறகு பலகையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மூப்பர் டில்மன் மெதுவாக ஆரம்பித்தார். "காத்திருந்தேன்" என்றார்.

காத்திருந்தேன் என்றது ஸ்டீல்.

சபையில் ஒரு மூச்சு ஏறி இறங்கியது. மூப்பர் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் காத்திருந்தேன்" என்றார் மறுபடி. இந்தத் தடவை கம்பி அவருக்குப் பின்னால் வரவில்லை, கூடவே வந்தது. அவர் குரல் எட்டாத இடத்துக்கு ஏறி, அங்கே நின்று அவரைக் கூப்பிட்டது. எழுபது வயசு மனிதர், ஒரு வருஷமாகப் பிரசங்கத்தைப் பாறாங்கல் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தவர், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முதலில் ஒரு சகோதரி எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. கையில் தட்டும் தம்புரின்கள் முழங்க ஆரம்பித்தன. வெர்டெல் சகோதரி பியானோவிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

லெவெரட் அண்ணனின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். உருளை வெள்ளைக் கோடுகளைப் பற்றிக் கவலைப்படாமல் அவற்றின்மேல் போய்வந்துகொண்டிருந்தது, ஏரியில் படகு போவதுபோல. இரைச்சல் உச்சத்துக்குப் போன ஒரு நேரத்தில் எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்திவிட்டு, ஈஸெல் உருளையை ஓரிடத்தில் வைத்தார். சரியாக ஐந்தாவது கோட்டின்மேல். மயிரிழை பிசகாமல், தப்பான இடத்தில். ஒற்றைக் கம்பியைத் தட்டினார்.

எந்தச் சுரத்திலும் சேராத ஒன்று சபைமேல் நின்றது. கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் குறைந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தொண்டையில் வைத்திருக்கிற ஆள் மாதிரி. மூப்பர் கண்ணை மூடினார். லெவெரட் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். நேற்று மூன்று தடவை அண்ணன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியபோது அவனுக்குள் இருந்தது அதுதான். ஈஸெல் அதை வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு மெதுவாக, ஒரு கட்டைவிரல் அகலம், உருளையை மேலே தள்ளினார். சுரம் தன் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. சபை முழுவதும் ஒரே குரலில் கத்தியது. லெவெரட்டும் கத்தினான். என்ன கத்தினான் என்று கொரீனிடம் பிறகு அவனே கேட்டபோது, அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

ஆராதனை முடிய வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனது. கூட்டம் வாசலில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தபோது ஈஸெல் யாரிடமும் சொல்லாமல் பக்கக் கதவு வழியாகக் கிளம்பியிருந்தார். லெவெரட் லாரியை கொரீனிடம் விட்டுவிட்டு நடந்தான். ஏரி மதகை ஒட்டிய பாதையில் அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு. ஓடினால் பிடித்துவிடலாம். ஓடவில்லை. அவர் வேகத்திலேயே, இருபதடி பின்னால் நடந்தான்.

தெற்கே, அறுவடைக்கு முன்னால் சோகையை எரிக்கக் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள். ஆகாயத்தில் ஏறிய சாம்பல் கறுப்பு இறகுகளாக, சத்தமே இல்லாமல், பாதைமேலும் தண்ணீர்மேலும் அவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. ஈஸெல் நின்றார். பலகையைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையிலும் ஏந்தி, கம்பிகள்மேல் விழுந்த சாம்பலை வாயால் ஊதினார். ஆறு கம்பியும் மிக லேசாக, காதுக்கு எட்டியும் எட்டாமலும் முனகின. ஊதி முடித்தும் அவர் நடக்கவில்லை, பின்னால் வருகிற காலடிக்குக் காத்திருப்பவர்போல. திரும்பியும் பார்க்கவில்லை. லெவெரட்டும் அவர் தோளருகே வந்து நின்றுவிட்டான். இன்னொரு கறுப்பு இறகு சுழன்று சுழன்று கம்பிகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.